நிழலில்லாத ஆணி

பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் தளங்கள் வருகிற பாடத்தைப் பல வருடங்கள் ஒரே மாதிரிதான் நடத்திவந்தேன். கரும்பலகையில் சாய்வாக ஒரு நாற்கரம் வரைவேன். இதுதான் தளம் என்பேன். அதற்கு மேலே ஒரு புள்ளி வைத்து, புள்ளியிலிருந்து நாற்கரத்துக்கு ஒரு கோடு இழுத்து, கோடு தொடுகிற இடத்தில் சின்னதாகச் செங்கோணக் குறி போடுவேன். புள்ளியின் செங்குத்து வீழல் இங்கேதான் விழும் என்பேன். பிறகு சூத்திரம், அதற்குப் பிறகு பழைய பொதுத்தேர்வுக் கணக்குகள். எனக்கு என் டீச்சர் இப்படித்தான் நடத்தினார். அவருக்கும் யாரோ இப்படித்தான் நடத்தியிருப்பார்கள். சூத்திரத்தில் எண்களைப் போட்டால் விடை வந்துவிடும். விடை வந்த பிறகு புரிந்ததா என்று யாரும் யாரையும் கேட்பதில்லை.

நான் வேலை பார்ப்பது ஆற்றங்கரை ஊர் ஒன்றில், பெண்கள் பள்ளியில். வீடு பாளையங்கோட்டை. காலையில் திருநெல்வேலி ஜங்ஷனில் ரயிலேறினால் முதல் மணிக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். அந்த வருடம் என் வகுப்பில் மாஞ்சோலையிலிருந்து இறங்கிவந்த பிள்ளை ஒருத்தி இருந்தாள். தேயிலைத் தோட்டத்தை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு வந்ததும் அவள் அப்பா குடும்பத்தோடு கல்லிடைக்குறிச்சிக்கு வாடகை வீடு பார்த்து வந்துவிட்டார். கீழே வந்த நாளிலிருந்து வேக்காடு தாங்கவில்லை என்று எப்போதும் துப்பட்டா நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருப்பாள். அதிகம் பேசமாட்டாள். அன்றைக்கு எழுந்து நின்றாள்.

"டீச்சர், அது சாஞ்ச தளம்தான?"

"ஆமா."

"அப்ப செங்குத்துக் கோடு ஏன் கோணலா இருக்கு? செங்குத்துன்னா நேரா மேல கீழதான இருக்கணும்?"

"தளத்துக்குச் செங்குத்து. தரைக்கு இல்ல."

அவள் உட்காரவில்லை. "எங்க மலை பூராவும் சரிவுதான் டீச்சர். மரம்லாம் சரிவுக்குச் செங்குத்தாவா நிக்குது? நேராத்தான நிக்குது?"

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் சொன்னதில் தப்பே இல்லை. செங்குத்து என்ற சொல்லை நாம் இரண்டு இடத்தில் புழங்குகிறோம். செங்குத்தான பாறை என்றால் தலைக்கு மேலே நேராக நிற்கிற பாறை. கணக்கில் செங்குத்து என்றால் எந்தத் தளமோ, அந்தத் தளத்துக்கு எந்தப் பக்கமும் சாயாமல் நிற்பது. தளமே சாய்ந்திருந்தால் செங்குத்தும் சாய்ந்துதான் இருக்கும். இதை நான் சொல்லியிருக்கலாம். ஆனால் அன்றைக்கு என் தலைக்குள்ளேயே அது படமாக இல்லை. நானும் சொல்லாகத்தான் வைத்திருந்தேன். "சூத்திரத்துல போட்டுப் பாரு, வரும்" என்று சொல்லி உட்காரவைத்துவிட்டேன். ரயிலில் திரும்பும்போது ஜன்னலுக்கு வெளியே வயலையும் தூரத்து மலையையும் பார்த்துக்கொண்டே வந்தேன். அந்த மரங்கள் மனதைவிட்டுப் போகவில்லை.

அந்த வாரச் சனிக்கிழமை மோர்மிளகாய் காயப்போட மொட்டைமாடிக்குப் போனேன். பழைய கட்டிலின் தலைமாட்டுப் பலகை ஒன்று மாடியில் கிடக்கும். அதன்மேல் துணி விரித்துத்தான் மிளகாய் பரப்புவது வழக்கம். பலகையின் நடுவில் ஓர் ஆணி பாதி துருத்திக்கொண்டிருக்கும். அதைப் பிடுங்கச் சொல்லி அவரிடம் எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. பலகையைக் கழுவிவிட்டு, ஈரம் உலரட்டும் என்று வெயில் படும்படி சாய்த்துப் பிடித்தேன். ஆணியின் நிழல் பலகைமேல் கருப்பாக நீண்டு கிடந்தது. கை வலிக்கவே பலகையைக் கொஞ்சம் நிமிர்த்தினேன். நிழல் குட்டையானது. இன்னும் நிமிர்த்தினேன். பிறகு கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பினேன். நிழல் ஆணியின் காலடியில் ஒடுங்கி, இல்லாமலே போய்விட்டது.

அப்படியே நின்றேன். பலகை சாய்ந்திருக்கிறது. ஆணி வானத்தைப் பார்க்கவில்லை, சூரியனைப் பார்த்துக்கொண்டு கிழக்கே சாய்ந்து நிற்கிறது. ஆனாலும் பலகைக்கு அதுதான் செங்குத்து. இப்போது வெயில் அந்த ஆணி காட்டுகிற வழியிலேயே வந்து பலகையில் விழுகிறது. அப்படியென்றால் இந்தப் பலகைமேல் எதைப் பிடித்தாலும் அதன் நிழல்தான் அதன் செங்குத்து வீழல்.

பலகையைக் கைப்பிடிச்சுவரில் அந்தச் சாய்விலேயே முட்டுக்கொடுத்து நிறுத்தினேன். மூலையில் கிடந்த விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவினேன். பலகைக்கு இணையாகப் பிடித்தபோது நிழல் குச்சியின் நீளத்துக்கே விழுந்தது. தூரமாக நகர்த்தினேன், கிட்டே கொண்டுவந்தேன். நீளம் மாறவில்லை. பையச் சாய்த்தேன், நிழல் சுருங்கியது. ஆணியைப் போலவே பலகையைக் குத்துகிற மாதிரி பிடித்ததும் நிழல் ஒரு புள்ளியாகிவிட்டது. வளையலைக் கழற்றிப் பிடித்தேன். வட்டம் நீள்வட்டமாகி, நீள்வட்டம் கோடாகி, மறுபடி வட்டமானது. இத்தனை வருடம் கொசைன் தீட்டா, கொசைன் தீட்டா என்று நான் எழுதிப் போட்டதெல்லாம் அங்கே பலகைமேல் சுருங்கியும் விரிந்தும் கிடந்தது. நரைத்த தலையோடு மொட்டைமாடியில் வளையலைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்ட அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். மிளகாய் மோரிலேயே கிடந்தது.

அவரிடம் சொல்லக் கீழே ஓடினேன். அவர் என்றால் என் வீட்டுக்காரர். அவரும் கணக்கு வாத்தியார்தான், ஆண்கள் பள்ளியில். சாயங்காலம் வீட்டு முன்னறையிலும், பிறகு மாடிப்படிக்குக் கீழே கூரை போட்டும் டியூஷன் நடத்துவார். எங்களுக்குக் கல்யாணம் பேசியபோதே இரண்டு பக்கமும் "ரெண்டு பேரும் கணக்கு, பேச்சுக்குப் பஞ்சம் இருக்காது" என்றுதான் பேசிக்கொண்டார்கள். அது உண்மையாகவும் இருந்தது. கல்யாணமான புதிதில் ஆற்றுப் பாலத்தில் நடந்துகொண்டே ஒரு கணக்கை இரண்டு வழியில் போட்டுப் பார்த்திருக்கிறோம். பிள்ளை பிறந்து, பிள்ளை படித்து வெளியூர் போன பிறகும் எங்களுக்குள் மிச்சமிருந்த பேச்சு அதுதான்.

அவர் தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். நான் மூச்சுவாங்கச் சொல்லி முடித்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"வத்தல் காயப்போடப் போன இடத்துல வெக்டர் கண்டுபிடிச்சுட்டியாக்கும்."

"மேல வந்து பாருங்களேன். ஒரு நிமிஷம்."

"இதுல எத்தன மார்க் கேள்வி வரும்?"

"மார்க்குக்கா சொல்லுதேன்? பிள்ளைகளுக்குப் புரியும்லா."

"புரிஞ்சு என்ன செய்ய? நேரத்துக்கு எழுதி முடிக்கணும். நெழலப் பாத்துக்கிட்டு நின்னா முடியுமா?" என்றவர் மறுபடி குனிந்துகொண்டார். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். பெரிதாக இல்லை. அவருக்கு வேலை இருந்தது.

திங்கட்கிழமை பலகையை ரயிலில் கொண்டுபோனேன். வகுப்பை மைதானத்துக்குக் கூட்டிப்போய், பலகையை மலைப்பிள்ளை கையில் கொடுத்தேன். "ஆணிக்கு நெழலு இல்லாம ஆக்கு, பாப்போம்" என்றேன். அவள் இப்படியும் அப்படியும் திருப்பினாள். சுற்றி நின்றவர்கள் "ஏட்டி, இன்னும் நிமித்து", "இந்தப் பக்கமா திருப்புட்டி" என்று கத்தினார்கள். நிழல் மறைந்தது. அவள் ஆணியைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"மரம் மாதிரி நிக்கல டீச்சர். சரிவுக்குச் செங்குத்தா நிக்குது."

அதற்குமேல் நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பேனா, ஸ்கேல், ஹேர்பின், வளையல், டிபன் மூடி என்று கையில் கிடைத்ததையெல்லாம் பிடித்துப் பார்த்தார்கள். "டீச்சர், நெழலு எப்பவும் சாமானைவிடப் பெருசா வர மாட்டேங்குது" என்று ஒருத்தி சொன்னாள். நான் சொல்லாமலே அவர்களாகக் கண்டுபிடித்தது அது. என் ஆசிரியர் வேலையில் அப்படிப்பட்ட ஒரு மணிநேரம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை. அந்த மலைப்பிள்ளை பொதுத்தேர்வில் நன்றாகவே எழுதினாள். கணக்கு எடுத்துப் படிக்க ஆசைப்பட்டாள். வீட்டில் நர்சிங் உதவியாளர் படிப்பில் சேர்த்துவிட்டார்கள். சீக்கிரம் வேலை கிடைக்கும் என்றார்கள்.

அடுத்த வருடம் ஒருநாள் அவராகவே கேட்டார். "அந்தப் பலக எங்கன கெடக்கு? டியூஷன்ல ஒருநாள் காட்டிப் பாக்கேன்." என் பள்ளிப் பிள்ளை ஒருத்தியின் தம்பி பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கி, அவரிடம் டியூஷன் படித்தான். அக்கா வீட்டில் விளக்கியதைக் கேட்டுவிட்டு வந்து, "சார், நீங்களும் ஆணி வச்சு நடத்துங்க" என்றிருக்கிறான். எனக்கு அன்று இருந்த சந்தோஷத்தில் நானே பலகையைத் துடைத்து எடுத்துக் கொடுத்தேன். எப்படித் திருப்ப வேண்டும், முதலில் எதைப் பிடித்துக் காட்ட வேண்டும், எந்தக் கேள்வியை அவர்களே கேட்கும்வரை காத்திருக்க வேண்டும் என்று இட்லிக்கு மாவாட்டிக்கொண்டே அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

பிறகு அது பற்றிப் பேச்சில்லை. ஒருநாள் எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் உயிரியல் டீச்சர் போனை நீட்டினார். "உங்க சாரு பெரிய ஆளாயிட்டாவ போலிருக்கே? எங்க அக்கா மக அனுப்பிருக்கா. மெட்ராஸ்ல இருந்து."

வீடியோவில் அவர் எங்கள் மொட்டைமாடியில் நின்றார். இஸ்திரி போட்ட நீலச்சட்டை. அந்தச் சட்டைக்கு நான்தான் பொத்தான் தைத்தேன். கையில் பலகை. "ஒருநாள் எங்க வீட்டு மாடியில மோர்மிளகாய் காயப்போட்டுக்கிட்டு இருந்தேன். பலகையில ஓர் ஆணி இருந்துது. அப்பத்தான் எனக்கு ஒண்ணு தோணிச்சு..." என்று ஆரம்பித்தார். குச்சி, வளையல், எல்லாம் அதே வரிசையில். வளையலுக்கு முன்னால் கொஞ்சம் நிறுத்தி, "இப்ப என்ன ஆகும், சொல்லுங்க பாப்போம்" என்று கேட்டதும் நான் சொல்லிக்கொடுத்ததுதான். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் ஒரு மிளகாயைக் காயப்போட்டதில்லை. காய்ந்ததை எடுத்து டப்பாவில் போட்டதுகூட இல்லை. அந்த மிளகாயையும் எனக்கென்று விட்டுவைக்கவில்லையே என்றுதான் முதலில் பட்டது.

"குடுத்துவச்சவ நீங்க" என்றார் உயிரியல் டீச்சர். "வீட்டுலயே இப்படி ஒரு ஆளு இருந்தா சந்தேகம் கேக்க வசதி."

சாயங்காலம் அவர் டியூஷன் முடித்து உள்ளே வரும்வரை காத்திருந்தேன்.

"வீடியோ பாத்தேன்."

"பாத்தியா? சத்தம் நல்லாக் கேக்கா? பயக்கள்ல ஒருத்தன்தான் எடுத்தான்." முகம் மலர்ந்திருந்தது. ஒளிக்கிற முகம் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"மொளகா நீங்களா காயப்போட்டீய?"

கொஞ்சம் யோசித்தார். "அட, அது ஒரு இதுக்குச் சொல்லுததுதான். கதை மாதிரி இருந்தாத்தான் கேப்பாங்க."

"எங்க வீட்ல அவ கண்டுபிடிச்சான்னு ஒரு வார்த்த சொன்னா கதை கெட்டுப்போவுமா?"

"என்ன நீ, ஒரு வீட்டுக்குள்ள ஒனக்கு எனக்குன்னு பிரிச்சுப் பேசுத? நான் நாலு பேருக்குச் சொல்லலன்னா இது மொட்டைமாடியிலதான கெடந்திருக்கும்?"

"எங்க பள்ளிக்கூடத்துல நாப்பது பிள்ளைக்குச் சொல்லிருக்கேன்."

"அதான் சொல்லுதேன், நாப்பது பிள்ள. இத எத்தன பேர் பாத்துருக்காங்கன்னு தெரியுமா ஒனக்கு?" என்று போனை எடுத்துக் காட்ட வந்தார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அந்த ஞாயிறு சர்ச்சில் ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் குருவானவர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். பெண்கள் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என் கையைப் பிடித்து, "வீடியோவுல சாரப் பாத்தோம், ரொம்பச் சந்தோஷம்" என்றார்கள். விக்கிரமசிங்கபுரத்தில் அப்பாவைப் பார்க்கப் போனபோது அவரிடம் மட்டும் வாய்விட்டுச் சொன்னேன். அப்பா நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். இரைச்சலில் காது பாதி போய்விட்டது. நான் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. அக்கம்பக்கத்துக்குக் கேட்குமோ என்று பயந்துகொண்டே சத்தமாகச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "மாப்பிள்ளைக்குப் பேர் வந்தா ஒனக்கு வந்த மாதிரிதானம்மா" என்றார். திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

இதோடு போயிருந்தால்கூட மறந்திருப்பேன் என்று நினைக்கிறேன். மே மாத விடுமுறை முடிந்ததும் மேல்நிலை வகுப்புக் கணக்கு ஆசிரியர்களுக்குப் பயிற்சி என்று திருநெல்வேலியில் ஒரு மண்டபத்துக்கு வரச்சொன்னார்கள். பயிற்சி கொடுக்கிறவர்களில் அவர் ஒருவர். பயிற்சிக்குப் போகிறவர்களில் நான் ஒருத்தி. காலையில் ஒரே பைக்கில்தான் போனோம். வாசலில் அவருக்குச் சந்தனமும் ரோஜாவும் கொடுத்து உள்ளே அழைத்துப் போனார்கள். எனக்கு வருகைப் பதிவில் கையெழுத்துப் போடுகிற இடத்தைக் காட்டினார்கள்.

குளிர்சாதன மண்டபம். ஜன்னல்களையெல்லாம் கனத்த திரை போட்டு மூடியிருந்தார்கள். வெளியே ஆட்களைக் கூட்டிப்போக நேரமில்லை, வெயில் வேறு என்று சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. அவர் மேஜைமேல் பலகையைப் படுக்கப்போட்டு, ஒரு பையனை ஸ்டூலில் ஏற்றி, கையில் டார்ச் லைட்டைக் கொடுத்து ஆணிக்கு நேர்மேலே பிடிக்கச் சொன்னார். விளக்கை அணைத்தார்கள். ஆணிக்கு நிழல் இல்லை. கைதட்டினார்கள்.

நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். அவர் பென்சிலைப் பலகைக்கு இணையாக டார்ச்சுக்குக் கீழே பிடித்தார். பலகைமேல் விழுந்த நிழல் பென்சிலைவிட நீளமாக இருந்தது. கொஞ்சம் உயர்த்தினார். இன்னும் நீண்டது. "பாருங்க, இதுதான் செங்குத்து வீழல்" என்றார்.

சூரியன் வெகுதூரத்தில் இருப்பதால் வெயில் ஒரே திசையில், இணையாக வந்து விழுகிறது. டார்ச் வெளிச்சம் ஒரு புள்ளியிலிருந்து விரிந்து வருகிறது. அதில் விழுவது நிழல்தான், செங்குத்து வீழல் இல்லை. என் பிள்ளைகள் மைதானத்தில் தாங்களாகவே கண்டுகொண்ட ஒன்றை இங்கே ஒரு மண்டபம் நிறைய ஆசிரியர்கள் தலைகீழாக எழுதிக்கொண்டிருந்தார்கள். பலகை அவருக்குக் கிடைத்தது. பலகை எதற்கு என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. நான் மாவாட்டிக்கொண்டே சொன்னபோது வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்லத் தோன்றவில்லை. வெயில் எங்கே போகப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

கையை உயர்த்தினேன். என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பினார். ஒருங்கிணைப்பாளர் மைக்கை என்னிடம் கொண்டுவந்துவிட்டார்.

"சார்," என்றேன். சபையில் வேறு எப்படிக் கூப்பிடுவது? "பென்சிலைவிட வீழல் நீளமா வந்திருக்கு. செங்குத்து வீழல் ஒருநாளும் பொருளைவிட நீளமா வராதே? டார்ச்சுல ஒளி விரிஞ்சு வருது. பலகை ஓரத்துல இன்னோர் ஆணி அடிச்சுப் பாருங்க. அதுக்கு நெழல் விழும். வெயில்ல ரெண்டு ஆணிக்குமே விழாது."

முன்வரிசையில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ "ஆமாவே, சரிதான்" என்று மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. அவருக்கும் புரிந்துவிட்டது. எனக்கு அந்த முகம் தெரியும். ஒரு கணக்கில் தன் படி தவறு என்று தெரிந்ததும் அவர் கீழுதட்டைக் கடிப்பார். கடித்தார். பிறகு மைக்கை எடுத்தார்.

"இவங்க யாருன்னு உங்களுக்குத் தெரியாது. எங்க வீட்டம்மா." மண்டபத்தில் லேசாகச் சிரிப்பு எழுந்தது. "வீட்டுலயும் இப்படித்தான். நான் ஓர் ஆணி அடிச்சா, பக்கத்துலயே இன்னோர் ஆணி அடிங்கம்பாங்க."

வெடிச்சிரிப்பு. பெண் ஆசிரியர்கள்தான் அதிகம் சிரித்தார்கள். என் பக்கத்தில் இருந்தவர் என் தொடையில் தட்டி, "சாருக்கு நல்ல தமாஷ்" என்றார். விளக்கைப் போட்டார்கள். டீயும் வடையும் வந்தது. ஒருவர்கூட அதற்குப் பிறகு டார்ச்சைப் பற்றிக் கேட்கவில்லை.

திரும்பும்போது பைக்கில் நான் அவர் தோளைப் பிடிக்கவில்லை. பின்கம்பியைப் பிடித்துக்கொண்டேன். முருகன்குறிச்சி சிக்னலில் நின்றபோது அவரே பேசினார்.

"எல்லாரும் இருக்கயில அப்படிக் கேக்கணுமா? வீட்டுல வச்சுச் சொல்லிருக்கலாம்ல?"

"நீங்க டார்ச் வைக்கப்போறீயன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"சரி, தப்புத்தான். இப்ப அத அங்கன ஒத்துக்கிட்டா என் மரியாதை என்ன ஆவது?"

"எம் மரியாதை?"

சிக்னல் விழுந்துவிட்டது. பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அவர் வண்டியை எடுத்தார். வீட்டுக்கு வந்து, "டீ போடவா?" என்று நான்தான் கேட்டேன்.

பயிற்சிக் கையேடு ஆகஸ்டில் பள்ளிக்கு வந்தது. தளங்கள் பாடத்துக்குக் கீழே பலகை, ஆணி, டார்ச் லைட் என்று படத்தோடு போட்டிருந்தது. உருவாக்கியவர் என்று அவர் பெயர். தேவையான பொருட்கள் வரிசையில் வெயில் இல்லை. நான் அதை ஒதுக்கிவிட்டு வழக்கம்போலப் பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். முன்பெஞ்சுப் பிள்ளை ஒருத்தி நின்றுவிட்டாள்.

"டீச்சர், சார் புது வீடியோல டார்ச் வச்சுத்தான காட்டுதாங்க? அதுல வீழல் பெருசாக்கூட வருது. நீங்க வராதுங்கீங்க."

"வராது. இந்தா, வெயில்ல பிடிச்சுப் பாரு."

பிடித்துப் பார்த்தாள். பெரிதாக வரவில்லை. ஆனாலும் முகத்தில் நம்பிக்கை இல்லை. "சார் வீடியோவ எல்லா ஊர்லயும் பாக்காங்க டீச்சர்" என்றாள். துடுக்காகச் சொல்லவில்லை. பரீட்சையில் எதை எழுதுவது என்ற பயம் அது.

அதே வாரம் ஒரு பெற்றோர் வந்து, பிள்ளையை மொட்டை வெயிலில் நிறுத்துகிறார்கள், தலைவலி என்று படுத்திருக்கிறாள் என்று புகார் சொன்னார். தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். நல்ல மனுஷிதான். "எதுக்கு டீச்சர் வீண் வம்பு? கையேட்டுல டார்ச்சுன்னுதான போட்டிருக்கு? அதும் உங்க சார் போட்டதுதான? வகுப்புக்குள்ள வச்சே முடிச்சிருங்க" என்றார். அது தவறு என்று சொல்ல வாயெடுத்தேன். புருஷனைப் பற்றி வெளியில் புகார் சொல்கிறவளாக ஆகிவிடுவேனோ என்று இருந்தது. "சரிங்க மேடம்" என்று வந்துவிட்டேன். அதற்குப் பிறகு மைதானத்துக்குப் போகவில்லை. டார்ச்சையும் எடுக்கவில்லை. கரும்பலகையில் சாய்வாக நாற்கரம் வரைந்து, மேலே ஒரு புள்ளி வைத்து, சூத்திரம் எழுதிப்போட்டேன். பிள்ளைகள் நிம்மதியாக எழுதிக்கொண்டார்கள்.

வீட்டில் நாங்கள் சண்டை போட்டுக்கொள்வதில்லை. காய் என்ன வாங்க, மகன் எப்போது வருகிறான், தண்ணீர் மோட்டார் ஏன் இரைகிறது என்று எல்லாம் பேசுகிறோம். கணக்கு மட்டும் பேசுவதில்லை. அதை நிறுத்தவேண்டும் என்று யாரும் முடிவுசெய்யவில்லை. நின்றுபோனது.

போன மாதம் ஒரு சாயங்காலம் அவர் அடுப்படி வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு தாள். அடுத்த வீடியோவுக்குத் தயார்செய்துகொண்டிருந்தார்.

"இங்க பாரேன். ஒரு கோடு தளத்தைச் சாஞ்சு குத்துது. கோட்டுக்கும் தளத்துக்கும் உள்ள கோணம்னு சொல்லுதோம். தளத்துல அந்தப் புள்ளி வழியா எத்தனையோ கோடு போவுது, ஒவ்வொண்ணோடயும் ஒவ்வொரு கோணம் இருக்கு. அதுல எதுக்கு வீழலோட உள்ள கோணத்த மட்டும் எடுக்கோம்? ஒரு பய கேட்டுட்டான். எப்படிக் காட்டலாம்?"

எனக்குத் தெரியும். அந்தக் கோணங்கள் எல்லாவற்றிலும் சிறியது அதுதான், அதனால்தான் அதை எடுக்கிறோம். எப்படிக் காட்டுவது என்றும் தெரியும். ரயிலுக்குக் காத்திருக்கும்போது பிளாட்பாரத்தில் குடையைச் சாய்த்து ஊன்றிக்கொண்டு எத்தனையோ காலையில் அதைத்தான் யோசித்திருக்கிறேன். நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அவர் முகம் பழைய முகமாகவே இருந்தது, ஆற்றுப் பாலத்தில் நடக்கிறபோது இருந்த அதே ஆவல். ஒரு நொடி சொல்லிவிடத்தான் இருந்தேன்.

"தெரியல" என்றேன்.

"ஒனக்கா தெரியல?"

"தெரியல. அடுப்புல பால் இருக்கு."

தாளை மடித்துக்கொண்டு போனார். பால் பொங்கி அடங்கியது. எனக்கு அதில் ஒரு திருப்தியும் வரவில்லை. தெரிந்த ஒரு கணக்கைத் தெரியாது என்று என் வாழ்க்கையில் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் காலையில் நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது சாப்பாட்டு மேஜையிலிருந்து கூப்பிட்டார். ஈர்க்குச்சி ஒன்றை ரப்பர் துண்டில் சாய்வாகக் குத்தி நிறுத்தி, அதன் அடியிலிருந்து மேஜைமேல் சாக்பீஸால் சுற்றிலும் கோடுகள் கிழித்து வைத்திருந்தார். ஒவ்வொரு கோட்டுக்கும் கோணமானியை வைத்து அளந்து காட்டினார். வீழலுக்கு நேராக வரும்போது கோணம் சிறியது. இந்தப் பக்கம் விலகினால் பெரிதாகிறது, அந்தப் பக்கம் விலகினாலும் பெரிதாகிறது. தவறே இல்லை. அழகாகவும் இருந்தது.

"அதான் அத மட்டும் எடுக்கோம். பாத்தியா? சின்னக் கோணம் அது. இவ்வளவுதான் விஷயம்" என்றார். கண் மின்னியது.

"அப்படியா" என்றேன்.

"புரிஞ்சுதா? இன்னொரு தடவ சொல்லட்டுமா?"

"சொல்லுங்க" என்றேன்.